இங்குனுக்கு வந்த ஈஸ்டர் முறை

மலைமேல் இருக்கும் அந்த மரவீட்டை இங்குனின் அப்பா தன் கையால் கட்டினார். அவர் போன பிறகு அது மூன்று பிள்ளைகளுக்கும் பொது. மற்ற வாரங்களுக்கு யாரும் அடித்துக்கொள்வதில்லை. யாருக்கு எப்போது தோதுப்படுகிறதோ அவர்கள் போய் அடுப்பை மூட்டிக்கொள்வார்கள். ஈஸ்டர் வாரம் மட்டும் முறை வைத்து வரும். மூத்தவன் ஸ்டாலே, அடுத்து வடக்கே கல்யாணமாகிப் போன அக்கா, கடைசியில் இங்குன். முறை வந்து போகாமல் விட்டால் வரிசையின் கடைசிக்குப் போய் நிற்க வேண்டியதுதான்.

இந்த வருடம் இங்குனின் முறை.

இங்குன் ஹாமார் நகரத்தில் வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் நர்ஸ். காலையில் நகராட்சியின் சின்னக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினால், ஒரு வீட்டில் மாத்திரை, இன்னொரு வீட்டில் புண்ணுக்குக் கட்டு, அடுத்த வீட்டில் வீங்கிய கால்களுக்கு இறுக்கமான உறை. அந்த உறைகளை இழுத்து இழுத்து அவள் கட்டைவிரல்கள் இரண்டும் நிரந்தரமாக வலிக்கின்றன. சாயங்காலம் மழலையர் பள்ளியில் எஸ்கிலையும் துவாவையும் கூட்டிக்கொண்டு வருவாள். எஸ்கிலுக்கு ஐந்து வயது. துவாவுக்கு இரண்டு. வாசலில் அவர்களுடைய பனி உடுப்புகளைக் கழற்றுவதற்குள் அவளுக்கு உட்கார வேண்டும்போல் ஆகிவிடும். உட்கார மாட்டாள். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்பது அவளுக்குத் தெரியும்.

ஈஸ்டருக்கு விடுப்புக் கிடைக்க அவள் கிறிஸ்துமஸைக் கொடுத்திருந்தாள். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் உலகமே பன்றி விலாக்கறி வாசனையில் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது, அவள் வேலைப் பட்டியல் போடும் பெரித்துக்காக யார் யார் வீட்டிலோ மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தாள். "ஈஸ்டர் உனக்கு. கல்லுல எழுதின மாதிரி வெச்சுக்கோ" என்று பெரித் சொல்லியிருந்தாள்.

பெரித்தின் வாக்குத் தப்பவில்லை. கெடுத்தது கடல். இங்குனின் கணவன் எய்வின் வடகடலில் எண்ணெய் மேடையில் வேலை செய்கிறான். கூட வேலை செய்தவன் ஒருவன் படியில் வழுக்கிக் காலை உடைத்துக்கொள்ள, எல்லாருடைய முறையும் ஒரு வாரம் தள்ளிப் போயிற்று. ஈஸ்டர் வாரம் எய்வின் கடலில்.

"விட்டுடு இங்குன், இந்த வருஷம் வேணாம்" என்றான் எய்வின் போனில். பின்னால் ஏதோ இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது.

"விட்டா மறுபடி எப்ப வரும் தெரியுமா?"

"தெரியும். மூணு வருஷம். மலை எங்கயும் ஓடிடாது."

"நான் தனியாவே கூட்டிட்டுப் போறேன்."

"ரெண்டு பேரையுமா?"

"இல்ல, ஒருத்தரை இங்க கட்டிப் போட்டுட்டுப் போறேன். என்ன கேள்வி இது?"

"அந்த மூணு கிலோமீட்டரை என்ன பண்ணுவ?" என்று கேட்டான் அவன்.

அதுதான் சங்கதி. பனி வாரும் வண்டி வரும் பாதை ஓரிடத்தில் முடிந்துவிடும். காரை அங்கே விட்டுவிட்டு, மிச்ச மூன்று கிலோமீட்டரும் காலில் ஸ்கீ பலகைகளை மாட்டிப் பனியில் சறுக்கித்தான் போக வேண்டும். சாமான்களை ஏற்றிப் போக அனுமதி வாங்கிய பனி ஸ்கூட்டர்காரர் ஒருவர் உண்டு. அவர் மூட்டைகளைக் கொண்டுபோய் வாசலில் இறக்கிவிடுவார். பிள்ளைகளை ஏற்ற மாட்டார். துவாவைப் பனியில் சறுக்கும் இழுவைத் தொட்டிலில் படுக்கவைத்து, வாரை இடுப்பில் மாட்டிக்கொண்டு இங்குன் இழுத்துவிடுவாள். எஸ்கில் தன் காலில் வந்தாக வேண்டும். இரண்டு பேரையும் ஒரே ஆள் இழுக்க முடியாது.

அந்த வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் நாலு வயதில் அந்தத் தூரத்தைத் தாமாகவே கடந்தவர்கள் என்பது குடும்பத்தின் பெருமை. இங்குன் நாலு வயதில் வந்து சேர்ந்த படம் மரவீட்டின் சுவரில் மாட்டியிருக்கிறது. சிரிக்கிறாள் என்று எல்லாரும் சொல்வார்கள். மூக்கு ஒழுக அழுகிறாள் என்பது அருகே போய்ப் பார்த்தால் தெரியும்.

ஈஸ்டருக்கு இரண்டு வாரம் முன்பு ஒரு சனிக்கிழமை அவள் வெள்ளோட்டம் பார்த்தாள். நகரத்தில் பனி வடிந்து, தெருவெல்லாம் குளிர்காலத்தில் தூவிய சரளை நறநறத்தது. மேட்டுக் காட்டுக்குள் விளக்குக் கம்பங்கள் நட்ட ஸ்கீ தடத்தில் மட்டும் இன்னும் பனி இருந்தது. அங்கே கூட்டிப் போனாள். பிளாஸ்கில் கோகோ, ஆரஞ்சு, பை நிறைய சாக்லேட்.

சாக்லேட்டில்தான் தப்புப் பண்ணினாள். எங்கள் ஊரில் பிள்ளைக்கு ஸ்கீ பழக்கும் எல்லாரும் செய்கிற தப்பு அது. அடுத்த விளக்குக் கம்பம் வரைக்கும் வந்தால் ஒரு துண்டு என்று ஆரம்பித்தாள்.

எஸ்கில் முதல் கம்பத்துக்கு ஓடினான். இரண்டாவதற்கும் ஓடினான். துவா தொட்டிலிலிருந்து "எனக்கு, எனக்கு" என்று கத்தினாள். அவளுக்கும் ஒரு துண்டு போயிற்று. ஐந்தாவது கம்பத்துக்கு முன்னால் எஸ்கில் நின்று, மூக்கைக் கையுறையில் துடைத்துக்கொண்டு, கம்பத்தைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான்.

"ரெண்டு துண்டு."

"ஒண்ணுதான் பேசினோம்."

"துவா ஒண்ணுமே பண்ணல. படுத்துக்கிட்டே தின்னுறா. நான் வேலை பண்றேன். எனக்கு ரெண்டு."

நியாயமாகத்தான் இருந்தது. கொடுத்தாள். ஒன்பதாவது கம்பத்தில் அவனுக்குத் திகட்டிவிட்டது. அதன்பிறகு அவனை நகர்த்த அவள் கையில் எதுவும் இல்லை. அவன் பனியில் உட்கார்ந்தான், பிறகு படுத்தான்.

"எழுந்திரு கண்ணு. இன்னும் கொஞ்சம்தான்."

"என் கால் செத்துப் போச்சு."

"கால் சாகாது."

"செத்துப் போச்சு. நீ நர்ஸுதானே? பாரு."

அப்போது எதிரே ஒரு கணவன் மனைவி வந்தார்கள். ஹாமார் தெருவில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதவர்கள்கூட ஸ்கீ தடத்தில் மட்டும் கூப்பிட்டு வணக்கம் சொல்வார்கள். "ஆஹா, குடும்பத்தோட வந்திருக்கீங்க! என்ன அருமையான நாள்!" என்று அந்த அம்மாள் சொன்னாள். "ஆமா, ரொம்ப அருமை" என்றாள் இங்குன். எஸ்கில் படுத்தபடியே, "இல்ல" என்றான். அவர்கள் சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள்.

கடைசியில் கயிற்றை எடுத்து எஸ்கிலின் இடுப்பில் கட்டி, தொட்டிலுக்குப் பின்னால் மாட்டி, இரண்டு பேரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்தாள். இறக்கத்தில் தொட்டில் அவள் காலை இடித்தது. ஏற்றத்தில் எஸ்கில் பின்னால் சாய்ந்து உட்கார்ந்துகொண்டான். காருக்கு வந்து சேர்ந்தபோது அவர்கள் வந்த தூரம், மலையில் போக வேண்டியதில் பாதிகூட இல்லை. காரின் பின்கதவைத் திறந்துவைத்து அதன் விளிம்பில் உட்கார்ந்தாள். எழுந்திருக்க மனம் வரவில்லை. பிள்ளைகள் இரண்டும் சேற்றுத் தண்ணீரில் குதித்து விளையாட ஆரம்பித்திருந்தன. செத்துப்போன கால்தான் அதிகமாகக் குதித்தது.

அடுத்த நாள் ஸ்டாலே வந்தான். தன்னிடம் இருந்த இன்னொரு இடுப்பு வாரைக் கொடுக்க வந்ததாகச் சொன்னான். காபி ஊற்றும்போதே ஆரம்பித்துவிட்டான்.

"எப்படிப் போச்சு வெள்ளோட்டம்?"

"நல்லாப் போச்சு."

"எஸ்கில், நல்லாப் போச்சா?"

"அம்மா என்னை நாய் மாதிரிக் கட்டி இழுத்தாங்க" என்றான் எஸ்கில்.

ஸ்டாலே சிரித்து முடிக்கும்வரை இங்குன் சிங்கில் பாத்திரம் கழுவினாள்.

"நான் சொல்றதைக் கேளு" என்றான் அவன். "நானும் வர்றேன். என் வீட்டுல அஞ்சு பேரும் வர்றோம். பசங்களை நாங்க கொண்டுபோய்ச் சேக்கறோம். நீ கை வீசிட்டு வா."

"எட்டுப் பேரு. நாலு கட்டிலு."

"தரையில படுத்துக்கலாம். அதானே ஈஸ்டரு."

"அப்ப அது உன்னோட ஈஸ்டர், ஸ்டாலே. என்னோட முறையில நீ நடத்துற ஈஸ்டர்."

"உனக்கு உதவி பண்ண வந்தா இதான் கிடைக்கும்."

"உதவின்னா பசங்களைக் கொண்டுவந்து விட்டுட்டுத் திரும்பிப் போ. முடியுமா?"

அவன் காபியைப் பார்த்தான். மலைவரைக்கும் வந்து ஈஸ்டர் நாளில் திரும்பிப் போவது எந்த மனிதனுக்கும் முடியாத காரியம் என்று அவளுக்கும் தெரியும்.

அன்று அவள் உணவுப் பைகளைப் பிரித்துச் சரிபார்க்க ஆரம்பித்தாள். உலர்ந்த சூப், ஓட்ஸ், துவாவுக்கு டயப்பர், கம்பளி உள்ளாடை இரண்டு இரண்டு செட், அடுப்புக்குத் தீக்குச்சி. பனியை அள்ளி உருக்கித்தான் தண்ணீர். கழிப்பறை வெளியே, விறகுக் கொட்டகைக்கு அடுத்தாற்போல். ராத்திரி துவாவைத் தூக்கிக்கொண்டு போகும்போது எஸ்கிலை அடுப்போடு தனியாக விட வேண்டும். இதையெல்லாம் யோசித்துக்கொண்டே கம்பளிக் காலுறைகளில் ஜோடி தேடியவள், வேறொன்றையும் கணக்குப் போட்டாள். மூன்று வருடம் கழித்து எஸ்கிலுக்கு எட்டு வயது. மூன்று கிலோமீட்டர் அவனுக்கு ஒன்றுமில்லை. அப்போது துவாவுக்கு ஐந்து, இப்போதைய எஸ்கிலின் வயது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த பிறகு அந்த உறைகளைத் திரும்பக் கூடையிலேயே போட்டாள்.

ஸ்டாலேவுக்குப் போன் போட்டாள். "இந்த வருஷம் நீ எடுத்துக்கோ."

"என்னது?"

"ஈஸ்டரை. நான் போகல. சாமான் கொண்டுபோற ஸ்கூட்டர்காரருக்குச் சொல்லி வெச்சிருக்கேன். உன் பேருக்கு மாத்திக்கோ."

"கோபமா இருக்கியா?"

"இல்ல."

"அப்ப என்ன? யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"எனக்குக் களைப்பா இருக்கு, ஸ்டாலே."

அவர்கள் வீட்டில் யாரும் அந்த வார்த்தையை ஒரு காரணமாகச் சொன்னது கிடையாது. மலைக்குப் போனால் களைப்புத் தீரும் என்பார்களே தவிர, களைப்பு என்பதற்காக மலைக்குப் போகாமல் இருந்தவர்கள் இல்லை.

"வேணும்னா கடைசி ரெண்டு நாள் வந்துட்டுப் போயேன்" என்றான் ஸ்டாலே, குரலைத் தணித்து.

"வேணாம். வெயில்ல உக்காந்து ஆரஞ்சு தின்னுங்க. எனக்குப் படம் அனுப்பாதீங்க."

எய்வினுக்குச் சொன்னபோது அவன் "நல்லதாப் போச்சு" என்று சொல்லியிருந்தால் அவளுக்கு எரிச்சல் வந்திருக்கும். அவன் சொல்லவில்லை. "ஆபீஸ்ல என்ன சொல்லுவ?" என்று மட்டும் கேட்டான்.

"எதுக்குச் சொல்லணும்?"

"ஈஸ்டர் முடிஞ்சு எல்லாரும் மலை வெயில்ல மூஞ்சி கறுத்து வருவாங்க. நீ மட்டும் மாவு மாதிரி வெள்ளையா போய் நிப்ப."

அதை அவள் யோசித்திருக்கவில்லை. யோசித்து மாற்றிக்கொள்ளத் தெம்பும் இல்லை.

ஈஸ்டர் வாரம் வந்தது. புதன்கிழமை மத்தியானத்துக்குள் ஊர் காலியானது. ஒவ்வொரு வீட்டுக் கார் மேலேயும் ஸ்கீ பெட்டி ஏறி, ஒவ்வொன்றாக வடக்கே போயிற்று. எதிர்வீட்டுக்காரர் கார்க் கண்ணாடியை இறக்கி, "நீங்க எப்ப கிளம்புறீங்க?" என்று கேட்டார். "கொஞ்சம் கழிச்சு" என்றாள் இங்குன். வியாழன், வெள்ளி கடைகள் கிடையாது. தெருவில் ஒரு நாய்கூட இல்லை.

பெரிய வெள்ளியன்று காலையில் பிள்ளைகள் முற்றத்தில் வாய்க்கால் வெட்டி, நிழலோரம் மிச்சமிருந்த பனி உருகிய தண்ணீரைத் தெருவுக்குத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். எஸ்கில் மேஸ்திரி, துவா ஆள். யாரும் சாக்லேட் கேட்கவில்லை. இங்குன் தெற்குச் சுவரோரம் நாற்காலியைப் போட்டு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு கண்ணை மூடினாள். எத்தனை நேரம் தூங்கினாள் என்று தெரியாது. மடியில் போன் அடித்தது. பாதித் தூக்கத்தில் எடுத்து, பழக்கத்தில் தன் பெயரைச் சொல்லிவிட்டாள்.

பெரித்.

"இங்குன்! நீ எடுப்பேன்னு நினைக்கவே இல்ல. சும்மா ஒரு முயற்சி பண்ணிப் பாத்தேன். ரெண்டு பேரு வாந்தி எடுத்துட்டுப் படுத்துட்டாங்க. யாராவது ஊர்ல இருக்காங்களான்னு தேடுறேன். நீ மலையிலதானே இருக்க?"

"ஆமா. மலையிலதான்" என்றாள் இங்குன்.

"அங்க சிக்னலே இல்லன்னு சொல்லுவியே."

"அது... வாசல்ல வந்து நின்னா கொஞ்சம் கிடைக்கும்."

அந்த நேரம் பார்த்து எஸ்கில் தொண்டை கிழியக் கத்தினான்: "அம்மா! துவா தண்ணிய நம்ம கராஜுக்குள்ள விட்டுட்டா!"

இங்குன் கண்ணை மூடிக்கொண்டாள். பெரித்தின் பக்கம் இன்னொரு போன் அடித்துக்கொண்டிருந்தது. பெரித் அதை எடுக்கவில்லை.

"பனி எப்படி இருக்கு?" என்று கேட்டாள் பெரித்.

"நல்லா இருக்கு."

"வெயில்?"

"வெயிலும் இருக்கு."

"எத்தனை நாளு இருப்ப அங்க?"

"செவ்வாய்க்கிழமை வரைக்கும்."

"இரு" என்றாள் பெரித். "செவ்வாய்க்கிழமை வரைக்கும் அங்கயே இரு. கீழ இறங்கிடாத. இந்த நேரத்துல ரோடு ரொம்ப மோசம். நான் வேற யாரையாவது பாத்துக்கறேன்." போனை வைக்கப் போனவள், குரலைத் தாழ்த்தி, "அந்த வாசல்ல வந்து நிக்கறதையும் விட்டுடு. அடுத்து மேலதிகாரி கூப்பிடுவாங்க" என்றாள்.

இங்குன் போனை அணைத்தாள். கராஜுக்குள் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. எப்படியும் போகட்டும் என்று கம்பளியைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள்.