முழு வட்டையும் பகிரவா?

போன ஞாயிற்றுக்கிழமை கருங்குழியில் ஒரு கல்யாணம், தாலி கட்டுகிற நேரத்தில், அப்படியே நின்றுபோனது. காரணம் — அங்கிருந்து மைல் கணக்கில் தள்ளி, அணுபுரத்தில் பனியனும் லுங்கியுமாக உட்கார்ந்திருந்த நான்.

சொல்கிறேன்...

எங்கள் வீட்டுக்குப் புது லேப்டாப் வந்து ஒரு மாதம் ஆகிறது. விண்டோஸோடு வந்தது. எனக்கு அதுவே போதும். ஆபீஸ் வேலையைப் பார்க்கலாம், இந்தப் பத்தியை அடிக்கலாம், யாரும் கவனிக்காதபோது சீட்டாடலாம். ஒரு மனிதனுக்கு வேறென்ன வேண்டும்?

வசந்தாவுக்கு வேண்டியிருந்தது. என் மனைவி மதுராந்தகத்தில் ஒரு பள்ளியில் தமிழாசிரியை. லாரி, வேன், ஷேர் ஆட்டோ இவற்றின் முதுகில் எழுதியிருக்கும் வாசகங்களைப் பற்றி எம்.ஃபில். ஆய்வு செய்கிறாள். ஜி.எஸ்.டி. ரோட்டோரம் வெயிலில் நின்று, ஓடுகிற வண்டிகளிடமிருந்து பிடித்துப் பிடித்துச் சேர்த்தது. 'ஒட்டி வராதே, பெயின்ட் புதுசு' என்ற ஒரு டேங்கர் லாரிக்கு மட்டும் பக்கம் பக்கமாக விளக்கம் எழுதியிருக்கிறாள். எல்லாமே அந்த லேப்டாப்பில்தான் இருந்தது. அடுத்த வாரம் பல்கலைக்கழகத்தில் கொடுத்தாக வேண்டும்.

"தமிழைப் பத்தி எழுதறேன். மேல பார்த்தா ஃபைலு, எடிட்டுன்னு இருக்கு. எல்லாமே தமிழ்ல வர்ற கம்ப்யூட்டர் இருக்காமே?" என்றாள்.

இருந்தது. மேல்மாடி டேனியலிடம். என் ஆபீஸில் வேலை பார்க்கிற நாகர்கோவில்காரர். லினக்ஸ் பைத்தியம். யார் வீட்டுக்குக் காபி குடிக்கப் போனாலும் கையில் ஒரு சிடியோடுதான் போவார்.

"இலவசம் சார். மெனு, மெசேஜ் எல்லாம் தமிழ்ல வரும். உங்க விண்டோஸும் அப்படியே இருக்கும். ஒரே லேப்டாப், ரெண்டு சிஸ்டம். ஆன் பண்ணும்போது எது வேணும்னு அதுவே கேட்கும்."

கணவனுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று. இதைவிட நல்ல ஏற்பாடு உண்டா?

ஞாயிற்றுக்கிழமைக்கு நாள் குறித்தோம். அன்றுதான் வசந்தாவின் சித்தப்பா மகளுக்குக் கருங்குழியில் முகூர்த்தம். முதல் நாள் ரிசப்ஷனில் தலைகாட்டிவிட்டதால் எனக்கு விலக்கு. வாடகை வேன் ஓட்டும் தன் தம்பி ஏழுமலையோடு வசந்தா அங்கேயே தங்கிவிட்டாள்.

காலையில் டேனியல் வந்து சிடியைப் போட்டார். முதல் கேள்வியே, எந்த மொழி?

"இன்ஸ்டால் பண்றதை இங்கிலீஷ்ல முடிச்சிருவோம் சார். அப்புறம் தமிழை மாத்திக்கலாம்."

"ஏன், நமக்கென்ன தமிழ் தெரியாதா?" என்றேன். வாரா வாரம் உங்களுக்கு எழுதுகிறவன் அல்லவா!

இங்கிலீஷில் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. தமிழில் டேனியல் கண்ணைத் திறந்துகொண்டு விழித்தார். 'விசைப்பலகை' வரை சமாளித்தோம். பிறகு வந்தது அந்தத் திரை. வரிசையாகச் சில வழிகள். முதல் வரி, 'முழு வட்டையும் பகிர்'. கீழே மூன்று பொத்தான்கள்... தொடர், பின்செல், கைவிடு.

"வட்டுன்னா டிஸ்க்தானே சார்?"

"ஆமாம். பகிர்னா ஷேர் பண்றது."

"அப்ப, ஃபுல் டிஸ்க்கையும் ஷேர் பண்ணிக்கோன்னு சொல்லுது. நமக்கும் அதானே வேணும்? ரெண்டு சிஸ்டமும் ஷேர் பண்ணிக்கணும்."

ஒரு கம்ப்யூட்டர் இதைவிடத் தெளிவாகப் பேச முடியுமா? டேனியலின் விரல் என்டர் மேல் போய் உட்கார்ந்தது. அப்போதுதான் கீழே பொடி எழுத்தில் ஒரு வரியைப் பார்த்தேன். 'முன்னுள்ள தரவு யாவும் நீங்கும்.'

"தரவுன்னா என்ன சார்?"

"பழைய செட்டிங்ஸா இருக்கும்..." என்று இழுத்தேன்.

"எதுக்கும், பேக்கப் வச்சிருக்கீங்கல்ல?"

"நீங்கதானே சொன்னீங்க, புது லேப்டாப்புக்கு எதுக்கு சார் பேக்கப்னு?"

இருவரும் லேப்டாப்பைப் பார்த்தோம். அப்புறம் என் செல்போனைப் பார்த்தோம்.

மறுமுனையில் நாதஸ்வரம் பிளந்துகொண்டிருந்தது. "முகூர்த்த நேரத்துல என்னங்க போன்?" என்றாள் வசந்தா.

"ஒரே ஒரு சந்தேகம். பகிர்வுன்னா ஷேர் பண்றதுதானே?"

"இதைக் கேக்கவா கூப்பிட்டீங்க? சேர்ந்து வச்சுக்கறதும் பகிர்வுதான், கூறு போடறதும் பகிர்வுதான். எந்த இடத்துல வருது?"

"கம்ப்யூட்டர்ல. 'முழு வட்டையும் பகிர்'னு. கீழ, 'முன்னுள்ள தரவு யாவும் நீங்கும்'."

"மேளத்துல ஒண்ணும் கேக்கல. சத்தமா சொல்லுங்க!"

"தரவு! தரவு நீங்கும்! டேனியல் என்டர் மேல கை வச்சிருக்கார்!"

"டேட்டாங்க அது! என் ஆய்வேடு! தொடாதீங்க! ஐயோ, கைய எடுங்க, தொடாதீங்க!"

டேனியல் கையை எடுத்தார். போன் என் காதில்தான் இருந்தது, அவருக்கே கேட்டுவிட்டது. கருங்குழியில் இன்னொருவரும் கையை எடுத்திருந்தார்.

மாப்பிள்ளை!

நாதஸ்வரம் நின்று, கெட்டிமேளம் கிளம்புவதற்கு நடுவில் மூச்சு விடுகிற நேரம் ஓர் அமைதி வருமே... வசந்தாவின் இரண்டு 'தொடாதீங்க'வும் அதில்தான் விழுந்தன. அவள் நின்றதோ மணப்பெண்ணுக்கு நேர் பின்னால். தாலியோடு போன கை கழுத்தருகே நின்றுவிட்டது. மணப்பெண் திரும்பி அக்காவைப் பார்க்கிறாள். மாப்பிள்ளையின் அப்பா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "பொண்ணோட அக்கா இன்னாத்துக்கு வாணாங்குது? இன்னா விசயம்?" என்று பின்வரிசையில் கிளம்பிவிட்டது. இதெல்லாம் ஏழுமலை பிறகு சொன்னது. எனக்குப் போனில் கேட்டது வெறும் அமைதி மட்டும்தான். கல்யாண மண்டபத்தில் அப்படி ஓர் அமைதியை நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். கேட்கவும் வேண்டாம்.

பிறகு ஏழுமலையின் குரல். "ஒண்ணுமில்லீங்கோ! எங்க மாமா வூட்ல குந்திகினு கம்ப்யூட்டரை நோண்டிகினு கீறாரு. எங்கக்கா அவரைச் சொல்லுச்சு. உன்னைய இல்ல நைனா... நீ கட்டு!"

மண்டபமே சிரித்தது. கெட்டிமேளம் முழங்கியது. எனக்கும் மூச்சு வந்தது. அதற்குள் ஏழுமலை போனைப் பிடுங்கிவிட்டான்.

"இன்னா மாமா, லீவு நாள்ல சும்மா இருக்க மாட்டியா? ஒரு நிமிசத்துல பேஜாரு பண்ணிட்டியே! அக்கா வர்ற வரைக்கும் எதையும் தொடாத. போனை வை!"

வைத்தேன்.

"கைவிடுன்னு இருக்கே, அதை அமுக்கிப் பார்க்கலாமா சார்?" என்றார் டேனியல்.

"யாரைக் கைவிடறதுன்னு அது சொல்லலையே!"

இரண்டு பட்டதாரிகள் மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் திரை தானாக இருண்டது. தொட்டால் விழித்துக்கொள்ளும். ஆனால், தொடக் கூடாதே!

மதியம் வேன் வந்து நின்றது. பட்டுப்புடவையும் தலை நிறைய மல்லிகையுமாக, செருப்பைக்கூடக் கழற்றாமல் வசந்தா நேராக லேப்டாப்பிடம் வந்தாள். திட்டு வாங்கத் தயாராக எழுந்து நின்றேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. அது இன்னும் மோசம்.

"தம்பி, நான் தமிழைச் சொல்றேன். நீங்க கம்ப்யூட்டரைச் சொல்லுங்க" என்று டேனியல் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

வரிவரியாகப் போனார்கள். 'இருப்பதைச் சுருக்கிப் பகிர்' என்று மூன்றாவதாக ஒரு வழி இருந்திருக்கிறது. "இருக்கறதை அழிக்காம, ஒடுக்கி உட்கார வச்சுட்டு, பக்கத்துல புதுசுக்கு இடம் விடறது" என்றாள்.

"ரீசைஸ்!" என்று கத்தினார் டேனியல், திருவிழாவில் தொலைந்த பிள்ளையைக் கண்டவர் மாதிரி.

தாம்பூலப் பையும் கையுமாக நின்ற ஏழுமலை எட்டிப் பார்த்தான். "நம்ம நெலத்துக்கு நடுவுல வரப்பு போட்டாங்களே, அதானக்கா இது? இதுக்கா கல்யாணத்தை நிறுத்துனீங்கோ?"

லேப்டாப் யோசித்தது, உறுமியது, அணைந்தது, மறுபடி எழுந்தது. திரையில் இரண்டு பெயர்கள். வசந்தா முதலில் விண்டோஸைத்தான் திறக்கச் சொன்னாள். ஆய்வேடு திறந்தது. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை மெதுவாகத் தள்ளிப் பார்த்தாள். எல்லா லாரிகளும் இருந்தன. அப்புறம்தான் செருப்பைக் கழற்றினாள். "சாப்பிட்டீங்களா?" என்று என்னிடம் கேட்டாள். வழக்கு தள்ளுபடி என்று எடுத்துக்கொண்டேன்.

யோசித்துப் பார்க்கிறேன். தெரியாத சொல்லால் ஆபத்தில்லை. நாலு பேரைக் கேட்போம். 'தரவு' தெரியாததால்தானே 'பகிர்' மேலேயே சந்தேகம் வந்து போன் செய்தேன்! 'பகிர்' எனக்கு நன்றாகத் தெரியும் என்று நினைத்தேன் பாருங்கள்... அதுதான் விரலை என்டர் வரை கொண்டுபோனது. வீட்டிலும் சரி, ஆபீஸிலும் சரி, பாதி வம்பு இப்படிப் பாதி தெரிந்த சொற்களால் வருவதுதானே?

இப்போது லேப்டாப்பை ஆன் செய்தால், எது வேண்டும் என்று கேட்டுக் கொஞ்ச நேரம் காத்திருக்கிறது. நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் தானாகவே தமிழுக்குப் போய்விடுகிறது. அப்படி யார் வைக்கச் சொன்னது என்று டேனியலிடம் கேட்டேன். "அக்காகிட்டயே கேட்டுக்கங்க சார்" என்கிறார்.

நான் கேட்பதாக இல்லை!