தனபால் அனுப்பிய இன்னொரு போட்டோ

தனபால் போய்விட்டான். நேற்று விடியற்காலை, ஆஸ்பத்திரியில்.

மயிலாப்பூர் குளத்துப் பக்கம் எங்கள் ஸ்டூடியோவுக்கு வந்தவர்களுக்கு அவனைத் தெரியும். கேமரா பிடிப்பவன் நான். உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து முகங்களைச் சரிசெய்பவன் அவன். இரண்டு பேரும் பார்ட்னர்ஸ்.

நொச்சிக்குப்பத்துக்காரன், வாய் கொஞ்சம் ஜாஸ்தி. "இன்னா மச்சி, லைட்ட எங்க வெச்சினு கீற, சார் மூஞ்சி இட்லி மாதிரி கீது" என்று கஸ்டமர் எதிரிலேயே சொல்வான். கஸ்டமர் சிரித்துவிடுவார், எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

எங்களுக்கு வருவதில் பாதி வரன் பார்க்கிற போட்டோதான். எடுத்து முடித்ததும் அம்மாவோ அப்பாவோ தனபால் காதருகே குனிவார்கள். கலர் கொஞ்சம் ஏத்துங்க, பல்லு கொஞ்சம் உள்ள தள்ளுங்க...

அவன் மறுக்க மாட்டான். கேட்டதைச் செய்வான். ஆனால் கவரில் இரண்டு போட்டோ வைப்பான், சரிசெய்தது ஒன்று, செய்யாதது ஒன்று. வாட்ஸ்அப் வந்த பிறகும் அப்படித்தான்.

"எவன்டா தொழில்ல இப்படிப் பண்றான்?" என்று நான் எரிந்து விழுவேன்.

"இத எங்கியோ ஒரு மாப்ள குந்திகினு பாத்துகினு இருப்பான்ல... அவனுக்கும் நம்மதான மச்சி போட்டோ எடுத்து குட்த்தோம். எத அனுப்பறதுன்னு அவங்க பாத்துக்கட்டும்" என்பான்.

சில வருஷம் முன்பு அடையாற்றிலிருந்து ஒருவர் மகளை அழைத்து வந்தார். அந்தப் பெண்ணே எழுதச் சொன்னதால்தான் இதை எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம்.

கன்னத்தில், காதுக்குக் கீழே, ஒரு வெள்ளைத் திட்டு. அதை எடுத்துவிடச் சொன்னார் அப்பா. திட்டோடு இருக்கிற போட்டோ யார் கைக்கும் போகக் கூடாது என்றும் சொன்னார். அவர் மகன் கல்யாண ஆர்டரும் எங்களிடம்தான் பேசி வைத்திருந்தார், அந்த சீசனே அதை நம்பித்தான் இருந்தது.

தனபால் அவரைப் பார்க்கவில்லை. பெண்ணைப் பார்த்து, "உனக்கு இன்னாமா வோணும்?" என்றான்.

"எடுத்துடுங்கண்ணா" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

எடுத்தான். "இன்னொன்னு சிஸ்டத்துல இருக்கும் சார், வெளிய போவாது" என்று அப்பாவிடம் சொல்லி, ஒரே ஒரு போட்டோ கொடுத்து அனுப்பினான். அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவை அவன் திறக்கவே இல்லை.

கொஞ்ச நாள் கழித்து அந்தப் பெண்ணிடமிருந்து அவனுக்கு மெசேஜ். மாப்பிள்ளை வீட்டில் பேசி முடிக்கப் போகிறார்கள், அந்த இன்னொரு போட்டோ வேணும்ணா, என்று.

போனை என்னிடம் நீட்டினான். "வெளிய போவாதுன்னு அவருக்கு வாக்கு குட்த்துட்டேன் மச்சி. ஆனா மூஞ்சி அந்தப் பொண்ணுதாச்சே..."

அனுப்பாதே என்றேன். ஆர்டர் போய்விடும், நாளைக்கு ஏதாவது ஆனால் பெண் வாழ்க்கையைக் கெடுத்தவன் என்று உன்னைத்தான் சொல்வார்கள் என்றேன். சாயங்காலம் வரை போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு அனுப்பிவிட்டான்.

அவள் அதை அப்படியே அந்தப் பையனுக்கு அனுப்பியிருக்கிறாள். வேறு போட்டோ பார்த்தோம், சரிப்படாது என்று சொல்லிவிட்டார்கள் அந்த வீட்டில்.

அப்பா கடைக்கு வந்து கத்தினார். மாப்பிள்ளை வீட்டுக்கு நீதானே அனுப்பினாய், என்ன விரோதம் எங்கள் மேல், என்று. தனபால் எழுந்து நின்று கேட்டுக்கொண்டான்.

"எங்கிட்ட இருந்துதான் சார் போச்சு. மன்னிச்சிக்கோங்க."

உங்கள் பெண்தான் கேட்டு வாங்கினாள் என்று சொல்லியிருந்தால் முடிந்தது. சொல்லவில்லை. கல்யாண ஆர்டர் போனது... நானும் கொஞ்ச நாள் அவனோடு பேசவில்லை.

அதற்கப்புறம் ஒரே கேள்விதான் அவனுக்கு. வேலைக்கு நடுவில் கேட்பான், டீ குடிக்கும்போது கேட்பான், இப்போது ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டும் கேட்டான். "அந்தப் பொண்ணுக்கு நான் கெடுதல் பண்ணிட்டனா மச்சி?"

எனக்கு மட்டும் என்ன தெரியும். சும்மா கிடடா என்பேன்.

நேற்று அஞ்சலி போஸ்டருக்குப் படம் தேடினோம். கடைசியாக நான் எடுத்த போட்டோவில் மாத்திரையால் முகம் வீங்கி, கண்ணுக்குக் கீழே கறுத்து... ஆனால் சிரித்துக்கொண்டிருந்தான். "கொஞ்சம் சரி பண்ணிக் குடுங்கண்ணே" என்றாள் அவன் மனைவி மலர்.

அவன் நாற்காலியில் உட்கார்ந்து நானே செய்தேன். அவன் கை எனக்கு வராது. மலருக்கு இரண்டையும் அனுப்பினேன்.

சரிசெய்ததைத்தான் எடுத்துக்கொண்டாள். தெருமுனையில் ஒட்டியிருக்கிறோம். மலரிடம் கேட்டுவிட்டு, இன்னொன்றை இந்தப் பதிவில் போட்டிருக்கிறேன்.

இன்று காலை அந்தப் பெண் குப்பத்துக்கு வந்தாள், யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய போஸ்டரைப் பார்த்துவிட்டு. திட்டு இப்போது கழுத்துவரை இறங்கியிருக்கிறது. துப்பட்டாவை இழுத்து மறைக்கவில்லை.

"அன்னைக்கு அப்பா கத்தும்போது நான் வெளியில ஆட்டோலதான் உட்கார்ந்திருந்தேன்ணா. எல்லாம் கேட்டுச்சு. அவர் என்னைக் காட்டிக் குடுக்கல" என்றாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். "நான் நல்லா இருக்கேன்னு வந்து ஒரு தடவை சொல்லியிருக்கலாம்..."

கல்யாணம் ஆயிற்றா என்று நான் கேட்கவில்லை. நேற்றைக்கு முன்னால் வந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன், அழுதுவிட்டேன்.

மதியம் தூக்கும்போது அவன் காதருகே குனிந்து சொன்னேன். இங்கேயும் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன்.

மச்சி... அந்தப் பொண்ணு நல்லாத்தான் கீது. நீ போ.