கஞ்சி போட்ட முகவலை

நாகமணி யாரிடமும் "தெரியாது" என்று சொன்னதாக அந்தத் தெருவில் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. தெரியாததைக் கேட்டாலும் "அதுவா, இரு சொல்றேன்" என்றுதான் ஆரம்பிப்பாள். ஆரம்பித்த பிறகு எப்படியோ சொல்லியும் முடித்துவிடுவாள். சாயப்பட்டறை ஹரிராமின் பெண்டாட்டி தேனீ வளர்க்கப் போகிறாளாம் என்று தொண்ணூற்றெட்டில் கேள்விப்பட்டபோது தெருவே சிரித்தது. அடுத்த வருஷம் சிரித்தவர் வீட்டுக்கெல்லாம் ஆளுக்கொரு பாட்டில் தேன் கொடுத்து வாயை அடைத்தாள். வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். யாரையாவது திட்டவேண்டும் என்றால் மட்டும் மதுரைத் தமிழுக்குத் தாவிவிடுவாள். அதில் திட்டினால்தான் திட்டின மாதிரி இருக்கும் என்பது அவள் கட்சி.

தேனீப் பெட்டிகள் இருந்தது சோழவந்தானுக்குப் பக்கத்தில், சின்னத்தாயின் தென்னந்தோப்பில். சிம்மக்கல்லில் பஸ் ஏறி, ஜன்னல் வழியே வெற்றிலைக் கொடிக்கால்கள் தெரிய ஆரம்பித்ததும் எழுந்து நிற்க வேண்டியதுதான். சின்னத்தாய் தோப்புக்காரி என்பதைவிடக் கூட்டாளி என்று சொல்லலாம். தேன்பூச்சி வந்த பிறகு காய் நன்றாகப் பிடிக்கிறது என்று அவளுக்குச் சந்தோஷம். தேனீ பக்கத்தில் மட்டும் வரமாட்டாள். பத்தடி தள்ளி நின்றுகொண்டு அங்கிருந்தே ஊர்க்கதை முழுவதும் பேசுவாள்.

தேனீ வளர்ப்புப் பயிற்சி கொடுத்த இடத்தில் ஒரு முகவலை கொடுத்திருந்தார்கள். தொப்பியிலிருந்து கழுத்து வரை தொங்கும் வலை, கறுப்பு. நாகமணிக்கு அதைப் பார்த்த அன்றே பிடிக்கவில்லை. துஷ்டி வீட்டுத் துணி மாதிரி இருக்கிறது, நல்ல காரியத்துக்குப் போகும்போது இதையா மாட்டிக்கொண்டு போவது என்று பரணில் போட்டுவிட்டு, வெள்ளைப் பருத்திக் கொசுவலை வாங்கித் தானே ஒன்று தைத்தாள். ஓரத்தில் சிவப்பு நூலில் பூவேலை வேறு. முதல் நாள் மாட்டிக்கொண்டு போனபோது வலை தொய்ந்து மூக்கில் ஒட்ட, ஒட்டின இடத்தில் ஒரு தேனீ கொட்டிவிட்டது. விடுவாளா? தறிக்காரர் வீட்டுப் பெண். தறியில் ஏற்றும் பாவு நூலுக்குக் கஞ்சி போடுவதைப் பார்த்தே வளர்ந்தவள். ஒவ்வொரு தடவையும் தோப்புக்குப் போகுமுன் முகவலையைத் துவைத்து, அரிசிக் கஞ்சியில் முக்கி, பானைமேல் கவிழ்த்துக் காயவைப்பாள். வலை விறைப்பாக, முகத்தை விட்டு நாலு விரல் தள்ளி நிற்கும். பார்த்தவர்கள் எல்லாம் மெச்சினார்கள். அதன்பிறகு மூக்கில் கொட்டு விழவே இல்லை.

வேறொரு தொல்லை வந்தது. முட்டை தெரியவில்லை.

தேனீ வளர்ப்பவருக்கு முட்டைதான் எல்லாம். பெட்டியைத் திறந்து, அடை கட்டிய சட்டத்தைத் தூக்கி வெயிலில் சாய்த்தால், ஒவ்வொரு அறைக்குள்ளும் அடியில் வெள்ளையாக, நறுக்கிப்போட்ட நூல் துணுக்கு அளவில் ஒன்று நிற்க வேண்டும். நின்றால் ராணி உயிரோடு இருக்கிறது, குடும்பம் பிழைக்கும். பயிற்சியில் முதல் ஆளாக முட்டையைக் காட்டியவள் நாகமணிதான். அதே நாகமணிக்கு இப்போது அறைகள் எல்லாம் வெறும் மஞ்சள் புகையாகத் தெரிந்தன. நாற்பத்து நாலு வயது. கண் டாக்டரிடம் போனாள். வெள்ளெழுத்து, நாற்பதுக்கு மேல் கிட்டத்தில் இருப்பது மங்குவது எல்லோருக்கும் வருவதுதான் என்று கண்ணாடி எழுதிக்கொடுத்தார். கண்ணாடி போட்டால் பேப்பர் படிக்க முடிந்தது. முட்டை மட்டும் தெரியவில்லை. பேப்பர் எழுத்து பெரிசு, முட்டை சின்னது, டாக்டருக்கு என்ன தெரியும் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். துணியின்மேல் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. அந்த வீட்டில் துணியைக் குறை சொல்லும் வழக்கம் கிடையாது.

உண்மையில் அவள் பயந்துபோயிருந்தாள். அப்பா துளசிராமுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. அறுந்த இழையை முடிச்சுப் போடத் தடவ ஆரம்பித்தார். தப்பு முடிச்சு விழுந்தது. சேலையில் குறை என்று முதலாளி திருப்பி அனுப்பினார். "துளசிக்குக் கண்ணு போச்சு" என்று தெரு சொன்னது. அவரும் டாக்டரிடம் போகாமலே அதை நம்பித் தறியை விட்டு இறங்கினார். ஒரு ஜவுளிக்கடை வாசலில் வாட்ச்மேன் நாற்காலியில் உட்கார்ந்து, தெருக்கோடியில் வருகிறவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு மிச்சக் காலத்தைக் கழித்தார். இப்போது எழுபது வயது. மகள் வீட்டில்தான் இருக்கிறார். அந்த நாற்காலி நமக்கும் வந்துவிடும் என்று நாகமணிக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. இதை ஒருவரிடமும் சொல்லவில்லை.

பங்குனியில் ஒரு பெட்டியில் எந்தச் சட்டத்திலும் முட்டை தெரியவில்லை. ராணி செத்துவிட்டது, அந்தக் கூட்டத்தைப் பக்கத்துப் பெட்டியோடு சேர்த்துவிட வேண்டும் என்று தீர்மானித்தாள். உள்ளே ராணி இருந்தால் இரண்டு ராணிகளும் சண்டை போட்டு ஒன்று சாகும். இருக்கிறதா இல்லையா என்று அடித்துச் சொல்லத் தனக்குக் கண் இல்லை என்பது அன்று உறைத்தது. வீட்டுக்கு வந்து, கப்பலூரில் லேத் பட்டறையில் வேலை பார்க்கும் கொழுந்தன் பாலமுரளிக்குச் சொல்லி அனுப்பினாள். அவன் ரொம்ப நாளாகப் பெட்டிகளைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"ஞாயித்துக்கிழமை வண்டியோட வந்து எல்லாத்தையும் எடுத்துக்க. எனக்குச் சலிச்சுப் போச்சு" என்றாள், அன்றே வந்து நின்ற அவனிடம்.

ஹரிராம் சாயம் ஏறிய விரல்களைத் துடைத்துக்கொண்டே அவளைப் பார்த்தான். இருபது வருஷம் வாழ்ந்தவனுக்குத் தெரியாதா, இவளுக்குச் சலிப்பு என்ற ஒன்று கிடையாது என்று?

சனிக்கிழமை கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாம் என்று தோப்புக்குப் போனாள். புதிதாகக் கஞ்சி போட்ட முகவலை, மூக்கில் கண்ணாடி. சந்தேகப் பெட்டியைத் திறந்து, புகை காட்டி, நடுச் சட்டத்தை எடுத்து வெயிலில் சாய்த்தாள். அதே மஞ்சள் புகை. திருப்பிப் பார்த்தாள், அதேதான்.

"என்னக்கா, ஒண்ணுமே பேச மாட்டேங்குற?" என்று தள்ளி நின்று கேட்டாள் சின்னத்தாய்.

"பேசி என்னத்துக்கு? நாளைக்கு எவனோ தூக்கிட்டுப் போகப் போறான்" என்று சொன்ன நாகமணி, வந்த ஆத்திரத்தில் ஒரு கையால் தொப்பியோடு முகவலையைப் பிடுங்கிப் புல்லில் எறிந்தாள்.

"ஏக்கா, பைத்தியமா ஒனக்கு, மூடுக்கா" என்று கத்தினாள் சின்னத்தாய்.

நாகமணி காதில் விழவில்லை. அவள் கையிலிருந்த அடையில், அறைக்கு ஒன்றாக, வெள்ளை வெளேரென்று முட்டைகள் நின்றுகொண்டிருந்தன. ஒன்றிரண்டு இல்லை, சட்டம் முழுக்க. ஓரத்தில் ராணி அடுத்த அறையைத் தேடி அவசரமில்லாமல் நடந்துகொண்டிருந்தது. அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. சிரித்த மூச்சு பட்ட கோபத்தில் ஒரு தேனீ கண்ணாடிக்குள் நுழைந்து இடது இமையில் கொட்டியது. அதைத் தட்டப் போக, இன்னொன்று வலது இமையில். அப்போதும் சட்டத்தைக் கீழே போடவில்லை. மெதுவாகப் பெட்டிக்குள் இறக்கி, மூடி வைத்த பிறகுதான் "ஐயோ அம்மா" என்று உட்கார்ந்தாள்.

சாயங்காலம் சின்னத்தாய் கையைப் பிடித்து பஸ்ஸில் கூட்டிவந்து வீட்டில் விட்டபோது நாகமணியின் இரண்டு கண்ணும் பணியாரம் போல வீங்கி முழுசாக மூடியிருந்தன. மறுநாள் காலையில் வண்டியோடு வந்த பாலமுரளி அதைப் பார்த்து ஆடிப்போனான்.

"பொட்டியெல்லாம் தர்றதா இல்ல முரளி. எனக்குக் கண்ணு நல்லாத் தெரியுது" என்றாள் நாகமணி, சுவரைப் பார்த்து.

"அண்ணி, நான் இந்தப் பக்கம் நிக்கிறேன்."

"தெரியும்ப்பா, தெரியும். காப்பி குடிச்சிட்டுப் போ."

ஹரிராம் மனைவி சொன்னது எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, முகவலையை எடுத்து டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தான். ஓட்டை ஓட்டையாக இருக்க வேண்டிய இடத்தில் கஞ்சி மெல்லிய ஏடாகப் படிந்து பளபளத்தது. வெள்ளை நூல் வெளிச்சத்தை வாங்கிக் கண்ணிலேயே அடித்தது. அவனுக்கு அடக்க முடியவில்லை.

"நீ வலைக்குக் கஞ்சி போடலடி. உன் கண்ணுக்குப் போட்டிருக்க" என்றான்.

"அதையெல்லாம் அப்புறம் சிரிச்சுக்கலாம். முன்பக்கத்தை மட்டும் கறுப்பு முக்கிக் குடுங்க. சுத்தியும் வெள்ளையே இருக்கட்டும், எல்லாம் கறுப்பா இருந்தா பூச்சிக்குக் கோபம் வரும். கஞ்சியை நல்லா அலசிருங்க. தொய்யாம இருக்க உள்ள ஒரு கம்பி வளையம் கட்டிக்கிறேன்" என்று கண்ணைத் திறக்காமலே உத்தரவு போட்டாள் நாகமணி. பரணில் கிடந்த பழைய கறுப்பு வலையைப் பற்றி அவளும் பேசவில்லை, அவனும் கேட்கவில்லை.

வீக்கம் வடிந்து கண் திறந்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேப்பரை எடுத்தாள். எழுத்து பளிச்சென்று தெரிந்தது. அப்படியென்றால் கண்ணாடி ஆரம்பத்திலிருந்தே சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. டாக்டர் சொன்னதும் சரி: நாற்பதில் எல்லோருக்கும் வருவது. எல்லோருக்கும் என்றால்? தலையைத் தூக்கினாள். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்த அப்பா, தெருக்கோடியில் யாரோ வருவதைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டிருந்தார். அவளுக்குச் சுரீர் என்றது.

அடுத்த தடவை தோப்புக்கு அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனாள். எதற்கென்று சொல்லவில்லை. புதிதாகக் கறுப்பு முக்கிய முகவலையை எடுத்து, தன் கண்ணாடியைக் கழற்றி அவர் மூக்கில் வைத்து, அதன்மேல் மாட்டிவிட்டாள். பரணிலிருந்து இறக்கிய பழையது அவளுக்கு. சட்டத்தை எடுத்து அவர் முகத்துக்கு நேரே வெயிலில் சாய்த்தாள்.

"உள்ள என்ன தெரியுதுப்பா?"

துளசிராம் வெகுநேரம் பார்த்தார். தறியில் இழை பார்ப்பது போலத் தலையை லேசாகச் சாய்த்துக்கொண்டார்.

"வெள்ளையா நிக்குது. ஒவ்வொண்ணுலயும் ஒண்ணு. ஒண்ணு மட்டும் கோணலா இருக்கு" என்றார். பிறகு குரல் மாறியது. "அப்போ நான் தறியை விட்டு இறங்கியிருக்கவே வேண்டியதில்லையா மணி?"

நாகமணி வாயைத் திறந்தாள். எதற்கும் பதில் வைத்திருக்கிறவள்.

"தெரியலப்பா" என்றாள்.

கண்ணீர் வழிந்தது. வலைக்குள் இருந்ததால் துடைக்கவும் வழியில்லை, அப்படியே விட்டுவிட்டாள். தேனீக்கள் அவர் கையைச் சுற்றிப் பறந்தன.

"சரி, அதை உள்ள வச்சுட்டு அடுத்ததை எடு" என்றார் கடைசியில்.

எடுத்துக் காட்டினாள். கண்ணாடி அவரிடம் இருந்ததால் அவளுக்கு எல்லாம் கலங்கலாகத்தான் இருந்தது.

"ராணியைக் காணோமேப்பா."

"அவசரப்படாத. நான் பார்த்துச் சொல்றேன்" என்று துளசிராம் குனிந்தார். "இந்தா இருக்கு பாரு."

விரலை வைத்து அவளுக்குக் காட்டினார்.