ஆபத்து என்று சொல்லாதவள்

அந்தப் பெரிய கடையில் நான் கூட்டிப் பெருக்குகிறேன். குளிர்சாதன இயந்திரங்கள் இருக்கும் கீழ்த்தள அறையில்தான் தரையில் உட்கார்ந்து, கடவுளை நினைத்துவிட்டுச் சாப்பிடுவேன். ஒரு நாள் போனால் என் சாப்பாட்டுப் பையைக் காணோம். படிக்கட்டின் மேல் திருப்பத்தில் ஒரு ஸ்டூல், அதன்மேல் என் பை, பக்கத்தில் தண்ணீர் பாட்டில். வைத்தது என் நாத்தனார். ஏன் என்று அவள் சொல்லவில்லை. கசிந்தால் அந்த வாயு தரையோடு தேங்கி மூச்சை அடைக்கும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அந்த இயந்திரங்களுக்கு அவள்தான் மெக்கானிக். கடையில் எல்லோரும் ‘ஐஸ்’ என்பார்கள். கோபம் வந்தால் உறைந்துபோவாள், அதனால் வைத்த பெயர்.

ஒரு முறை பழைய இயந்திரத்தைக் கழற்றிப் புதியதை மாட்ட வேண்டியிருந்தது. பழையதில் இருக்கும் வாயு வானத்தின் காப்பான ஓசோன் படலத்தையும் அரிக்கும், பூமியையும் சூடாக்கும். அதைத் திறந்துவிடக் கூடாது, சிலிண்டரில் பிடித்துவைக்க வேண்டும் என்பது சட்டம். அதற்கு விலக்கும் உண்டு. குழாயைக் கழற்றும்போது கைமீறிப் போகிற கொஞ்சத்துக்கு மன்னிப்பு. உயிருக்கு ஆபத்து என்று மெக்கானிக் சொன்னால் மொத்தமும் விடலாம்.

மேலாளர் கீழே வந்தார். “பிடிச்சு முடிக்க சாயங்காலம் ஆயிடும். ஆபத்துன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுத் திறந்து விடும்மா. சட்டத்துலயே இடம் இருக்கு.”

“என்ன ஆபத்து சார்?”

“லேட்டாகுறதே ஆபத்துதான்.”

“அது உங்களுக்கு. உயிருக்கு இல்ல.”

“உன் வேலைக்கு ஆபத்துன்னு வச்சுக்கோயேன்.”

அவள் வால்வைத் திறக்கும் சாவியைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினாள். அவர் என் பக்கம் திரும்பினார். “உங்க வீட்டுப் பொண்ணுதானே, நீயாவது எடுத்துச் சொல்லு.”

எனக்குப் பயம். அவள் சம்பளத்தில்தான் எங்கள் வீட்டில் பாதி ஓடுகிறது. “இந்த ஒரு தடவை விட்டுக்கொடேம்மா,” என்றேன்.

“அண்ணி, நீங்க கண்ண மூடிக் கும்பிடுறப்ப, யாரும் பாக்கலன்னு பாதியில எந்திரிச்சு வர்றீங்களா?”

மீன் பிரிவுக்குப் போய் ஒரு வாளி ஐஸ்கட்டி வாங்கி வந்தேன். சிலிண்டரைச் சுற்றி ஐஸ் போட்டால் வாயு சீக்கிரம் இறங்கும் என்று அவள் முன்பு சொல்லியிருக்கிறாள். அவள் சிரித்தாள். “இப்படி ஒரு வாளி கொண்டுவந்தா மேலாளர் நம்ம ரெண்டு பேரையும் சேர்த்துத் துரத்துவாரு,” என்றாள். நான் அடுத்த வாளிக்குப் போனேன்.

சாயங்காலம் வாயுவின் அழுத்தம் காட்டும் முள் இறங்கி நின்றது. அவள் உடனே எழவில்லை. முள் மறுபடி ஏறுகிறதா என்று பார்த்து, ஏறியதும் மிச்ச வாயுவை இன்னொரு முறை சிலிண்டருக்கு இழுத்தாள். கடைசியில் குழாயைக் கழற்றியபோது ‘உஸ்’ என்று ஒரு சத்தம்.

“இப்ப போச்சே, இது மட்டும் பரவாயில்லையா?” என்றார் மறுபடி கீழே வந்திருந்த மேலாளர்.

“இது என்னை மீறிப் போனது. நீங்க கேட்டது நான் திறந்து விடுறது.”

மறுநாள் அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அவள் யாரிடமும் கெஞ்சவில்லை. வேறு ஊரில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலை கிடைத்தது. பஸ் ஏற்றிவிடப் போனேன். அழுதேன். அவள் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணி, அந்த ஸ்டூல விட்டுக் கீழ இறங்கிச் சாப்பிடாதீங்க. எனக்கு அடுத்து வர்றவன், அவரு கேட்டதும் ஆபத்துன்னு சொல்லித் திறந்து விட்டுடுவான்.”