மாமாவுக்காக நான் ருசி பார்த்த சிவப்பு பியர்

இதை எழுதாமல் விடுவோம் என்றுதான் இருந்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். நான் விட்டதில் பள்ளிக்கூடத்துக்கும் சந்தோசம். கொப்பியை விரிப்பேன், பேனையைத் திறப்பேன், மேலே ஒரு மீனைக் கீறுவேன், மூடி வைத்துவிடுவேன். நாலு நாள் அப்படியே போய்விட்டது. மீன்கள் மட்டும் நன்றாக வந்திருக்கின்றன. இன்றைக்குக் கடல் கொந்தளிப்பு, தொழில் இல்லை. மீன் கீறவும் அலுத்துவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

விசயம் ஒரு பியரைப் பற்றியது.

இரண்டாயிரத்து இரண்டு, சமாதான காலம். கண்டி வீதியைத் திறந்துவிட்டார்கள். வெளிநாட்டில் இருந்தவர்களெல்லாம் பெரிய பெரிய சூட்கேசுகளோடு ஊர் பார்க்க வந்துகொண்டிருந்தார்கள். அப்படி அமெரிக்காவிலிருந்து வந்த ஓர் அக்கா, ஊர்காவற்றுறையில் எங்கள் ஒழுங்கை முகப்பில் வாடகை வானை நிற்பாட்டி, ஒரு பையை என்னிடம் நீட்டினார். உள்ளே இரண்டு ஜீன்ஸ் காற்சட்டைகள். ஒவ்வொரு காலுக்குள்ளும் ஒரு போத்தல்.

"தம்பி, ரண்டு கால் நனைஞ்சிருக்கு. உடைஞ்சிட்டுது போலை. குறை நினையாதையும்" என்றார்.

"பரவாயில்லை அக்கா, காற்சட்டை குடிச்சிருக்கும்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. கொழும்பிலிருந்து வந்த களைப்பாக இருக்கும்.

அனுப்பியவன் என் நண்பன். நானும் அவனும் ஒரே வயது, ஒரே வகுப்பு, பிறகு ஒரே வள்ளம். வள்ளம் அவனுடைய அப்பாவுடையது. நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன், சொந்தம் ஒன்றும் இல்லை. தொண்ணூற்றேழில் ஒரு சுற்றிவளைப்பில் படையினர் அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். இரண்டு மாதம் கழித்து விட்டார்கள். திரும்பி வந்தவனோடு பகிடி விட எனக்கே பயமாக இருந்தது. அடுத்த வருசமே மாமா அவனை வெளியே அனுப்பிவிட்டார். எங்கெங்கோ சுற்றி அமெரிக்காவில் இறங்கினான். அங்கே ஒரு சின்ன பியர் காய்ச்சும் இடத்தில் டாங்கி கழுவும் வேலை. கழுவிக் கழுவி, காய்ச்சவும் பழகிவிட்டான்.

பைக்குள் ஒரு கடிதமும் இருந்தது.

"மச்சான், இது என்ரை கையாலை காய்ச்சினது. அமெரிக்கன் அம்பர் ஏல் எண்டு சொல்லுறது. முதலாளி ஒரு சின்ன டாங்கியைத் தந்து, உன்ரை எண்ணப்படி செய்து பார் எண்டவர். சரிவந்தா கடையிலை ஊத்துவினம். இஞ்சை எல்லாரும் நல்லம் எண்டினம். இவங்கள் பச்சைத் தண்ணியையும் நல்லம் எண்டுவாங்கள். அப்பாட்டைக் குடு. அவர் என்ன சொல்லுறாரோ அதை அப்பிடியே எனக்குச் சொல்லு. தூசணம் எண்டாலும் விடாமல் சொல்லு. பை உன்ரை கைக்கு வந்த பிறகு வாற ஞாயிறு போனிலை கேப்பன்."

கூடவே கோடு போட்ட ஒரு தாள். நிறம், நுரை, மணம், இனிப்பு, கசப்பு, வாயில் பாரம், குடித்த பிறகு நிற்பது என்று எழுதி, எதிரே வெறும் கட்டங்கள். பள்ளிக்கூடத்தில் இப்படி ஒரு சோதனை வைத்திருந்தால் நான் யூனிவர்சிற்றிக்கே போயிருப்பேன்.

அவன் ஏன் அப்பாவைக் கேட்கிறான் என்பது தீவில் எல்லோருக்கும் தெரியும். கள்ளுத் தவறணையில் முட்டி வந்து இறங்கினால் முதல் பிளாவை மாமாவுக்குத்தான் கொடுப்பார்கள். பனையோலைப் பிளாவை இரண்டு கையாலும் பிடித்து ஒரு வாய் குடிப்பார். "முட்டி கழுவேல்லை" என்பார். "நேற்றைய கள்ளும் கலந்திருக்கு" என்பார். சீவுகிறவர் தலையைச் சொறிந்துகொண்டு ஒத்துக்கொள்வார். நல்லம் என்று மாமா ஒருநாளும் சொன்னதில்லை. குறை சொல்லாவிட்டால் மற்றவர்கள் குடிக்கலாம், அவ்வளவுதான்.

ஆனால் கடிதம் எழுதியவனுக்கு ஒரு விசயம் தெரியாது. அதற்கு முந்தின வருசம் மாமாவின் நாக்கின் ஓரத்தில் ஒரு புண் வந்தது. புகையிலைப் புண் என்று விட்டார். அது விடவில்லை. யாழ்ப்பாணத்தில் பார்த்து, புற்றுநோய் என்று கொழும்புக்கு அனுப்பி, ஒரு மாதத்துக்கு மேலே கரண்ட் என்கிற கதிர் வைத்தியம் பிடித்து விட்டார்கள். நான்தான் கூடப் போய் நின்றேன். மாமி இடம்பெயர்ந்திருந்த காலத்திலேயே செத்துவிட்டார், மாமாவுக்கு வேறு ஆட்கள் இல்லை. கரண்ட் பிடித்த பிறகு வாய் முழுதாகத் திறக்காது, பேச்சுத் தெளிவில்லை. நாக்கு செத்துப்போனது. புளியும் உப்பும் அவருக்கு ஒன்றுதான்.

மகனுக்குச் சொல்லக்கூடாது என்று மாதா கோயிலில் வைத்து என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

"சொன்னா உடனை வெளிக்கிட்டு வந்திடுவான். அங்கை அவன்ரை அகதி வழக்கு இன்னும் முடியேல்லை. வந்தா திரும்ப உள்ளை விடமாட்டாங்கள். இந்தச் சமாதானம் எத்தினை நாளைக்கெண்டு ஆருக்கடா தெரியும்? அவன் இஞ்சை கால் வைக்கக்கூடாது."

அன்றிலிருந்து ஞாயிறு தோறும் பூசை முடிய, வேலணையில் உள்ள தொலைபேசிக் கடைக்கு நான் மட்டும் போய்ப் பொய் சொல்லுவேன். மாமா கடலுக்குப் போட்டார். மாமா மண்டைதீவிலை ஒரு கலியாணம். மாமாவுக்கு உன்னோடை கோவம், நீ மெலிஞ்சிட்டியாம். பொய் சொல்ல எனக்குப் பள்ளிக்கூடம் தேவையில்லை. ஆனால் இந்தப் பியர் விசயம் வேறு. கடலுக்குப் போனவர் திரும்பி வருவார், வந்தால் குடிப்பார். குடித்தால் ஏதாவது சொல்லியே ஆகவேண்டும். அந்த நாக்கை மகன் நன்றாக அறிவான். ஒரு சொல் பிழைத்தால் பிடித்துவிடுவான்.

போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அடியில் மண்டி இருந்தது. கள்ளில் மண்டி கண்டால் நாங்கள் குலுக்கித்தான் ஊற்றுவோம். குலுக்காமல் தெளிவை மட்டும் ஊற்றுகிறவனை ஏமாற்றுக்காரன் என்போம். ஆகவே மத்தியான வெயிலுக்குள் முற்றத்தில் நின்று, ஊர் முறைப்படி, மனச்சாட்சிக்கு விரோதமில்லாமல் நன்றாகக் குலுக்கினேன். எஞ்சின் கழற்றும் சாவியால் மூடியை நெம்பினேன்.

பியர் வேப்பமரத்துக்குப் போனது. மிச்சம் என் முகத்துக்கும் மாமாவின் சேட்டுக்கும் வந்தது. போத்தலில் நின்றது ஒரு மிடறுகூட இல்லை.

"என்ன மாமா, உங்கடை மகன் பியர் அனுப்பினவனோ, நெருப்பணைக்கிற சாமான் அனுப்பினவனோ?"

மாமாவால் வாய் திறந்து சிரிக்க ஏலாது. தோள் இரண்டும் குலுங்கின. அவர் கடைசியாகச் சிரித்து நான் கண்டது அதுதான்.

மற்றப் போத்தலை ஈரச் சாக்கில் சுற்றி, குசினி மூலையில் இரண்டு நாள் அசையாமல் நிற்பாட்டினோம். மூன்றாம் நாள் காலமை, மண்டி கலங்காமல் மெல்லச் சரித்து ஒரு கண்ணாடிக் கிளாசில் ஊற்றினேன். பிளாவில் ஊற்றினால் நிறம் தெரியாது.

மாமா கிளாசை வெயிலுக்கு நேரே பிடித்தார். நல்ல சாயத் தேத்தண்ணியில் கொஞ்சம் சிவப்பு ஏறிய நிறம். மேலே ஊத்தை வெள்ளையில் நுரை. நுரை அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு வாய் எடுத்து வைத்திருந்தார். புண்ணில் பட்டிருக்க வேண்டும், கழுத்து நரம்பு புடைத்தது. துப்பவில்லை. விழுங்கினார். இன்னொரு வாய். இன்னொன்று. அதைவிடப் பெரிய வாயாக எடுத்தால் ருசி எங்காவது அகப்படும் என்று நினைத்திருப்பார்.

முட்டி கழுவேல்லை என்று சொல்லமாட்டாரா என்று நான் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒண்டும் தெரியேல்லையடா" என்றார். கண்ணால் தண்ணீர் ஓடியது. "தண்ணி மாதிரிக் கிடக்கு. என்ரை பிள்ளை காய்ச்சினது, எனக்குத் தண்ணியாக் கிடக்கு."

எனக்கு வாயில் ஒரு பகிடியும் வரவில்லை. அது எனக்குப் புதிது.

கிளாசை என் பக்கம் தள்ளினார். "நீ குடி. குடிச்சிட்டுச் சொல்லு."

குடித்தேன். "கைக்குது" என்றேன்.

"கைக்குது எண்டு குழந்தைப்பிள்ளையும் சொல்லும். முதலிலை என்ன வருது?"

திரும்பக் குடித்தேன். அதுவரைக்கும் நான் எதையும் வெறிக்கத்தான் குடித்தவன், ருசிக்கக் குடித்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். "முதலிலை இனிப்பு. சீனி இல்லை. பனங்கட்டி காய்ச்சேக்கை அடிப்பிடிச்ச மாதிரி. பாண் கரை கருகின மணமும் கிடக்கு."

"பிறகு?"

"பிறகு தோடம்பழத் தோல். நகத்தாலை கீறினா மூக்கிலை அடிக்குமே, அது. மரப்பிசின் மாதிரியும் ஒண்டு. அதுக்குப் பிறகுதான் கைப்பு வருது. ஆனா கூடாத கைப்பு இல்லை மாமா. இனிப்பைத் திகட்ட விடாமல் பிடிச்சு வைச்சிருக்கு."

மாமா என்னைப் பார்த்தார். பசித்தவன் மற்றவன் தின்பதைப் பார்ப்பதுபோல இருந்தது அந்தப் பார்வை. நான் கிளாசைக் கீழே வைத்துவிட்டேன்.

"அப்ப நல்லம் எண்டு சொல்லு அவனுக்கு."

"நீங்கள் நல்லம் எண்டு சொன்னா அவன் நம்பமாட்டான் மாமா. அப்பர் சாகப்போறார் எண்டு நினைச்சு அடுத்த பிளேனிலை வந்து நிப்பான்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று விளங்கியது. மாமா கோபிக்கவில்லை. 

"அதுவும் சரிதான்" என்றார். "ஒரு குறை சொல்லத்தான் வேணும். நுரை நிக்கேல்லை எண்டு சொல்லு. அது என்ரை கண்ணாலை பாத்தது. அதிலை பொய் இல்லை."

அந்த ஞாயிற்றுக்கிழமை அவரும் வருவேன் என்று நின்றார். வேலணைக்கு பஸ்ஸில் போனோம். வாயை மறைத்துத் துவாயைச் சுற்றியிருந்தார். தொலைபேசிக் கடையின் கண்ணாடிக் கூட்டுக்குள் ஒரு கதிரைதான். அவரை அதில் இருத்தி, நான் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நின்றேன்.

"மச்சான், அப்பா குடிச்சவரோ?" அதுதான் அவனுடைய முதல் கேள்வி.

"குடிச்சவர். எனக்கும் ஒரு சொட்டு விடாமல் குடிச்சவர்."

"என்ன சொன்னவர்? அவரிட்டைக் குடு."

மாமா துவாயை வாயோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினார். அவருடைய முழங்கால் என் காலில் முட்டிக்கொண்டிருந்தது.

"கடலுக்குப் போட்டார்" என்றேன். "எல்லாம் என்னட்டைச் சொல்லிவிட்டவர். கேள்." மனப்பாடம் செய்ததைச் சொன்னேன். பனங்கட்டி, பாண் கரை, தோடம்பழத் தோல், பிசின், கைப்பு. "ஆனா நுரை நிக்கேல்லையாம். கொம்மா உடுப்புத் தோய்ச்ச சவுக்காரமே இதைவிட நல்லா நுரைக்குமாம்." கடைசி வரி என்னுடைய சொந்தச் சரக்கு.

 பிடித்துவிட்டானோ என்று ரிசீவரைக் காதோடு அழுத்தினேன். பிறகு அவன் சிரித்தான். சிறையால் வந்த பிறகு அப்படி ஒரு சிரிப்பு நான் கேட்டதில்லை. கத்திக் கத்திச் சிரித்தான். "அப்பாதான்! சரியா அப்பாதான் மச்சான்! நுரைதான் எனக்கும் சந்தேகமாக் கிடந்தது!"

நான் ரிசீவரை மாமாவின் காதில் வைத்தேன். அவன் அந்தப் பக்கம் என்னிடம்தான் கதைத்துக்கொண்டிருந்தான், நுரைக்கு என்ன செய்யப்போகிறான் என்று. மாமா மூச்சையும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

மூன்று மாதத்தில், மாரி மழைக்குள், மாமா போய்விட்டார். நித்திரையில் நெஞ்சுக்குத்து, திடீரென்று, என்று சொல்லச் சொல்லியிருந்தார். அப்படியே சொன்னேன். அவன் அழுதான். கடைசியில், "என்ரை பியரைக் குடிச்சிட்டெண்டாலும் போட்டார்" என்றான். நான் ஓம் என்றேன்.

பிறகு திரும்பவும் சண்டை தொடங்கியது. பாதை பூட்டினார்கள், தொலைபேசிக் கடையும் பூட்டுப்பட்டது. அவனுக்கு அங்கே வழக்கு வென்றது. போன வருசம் ஒரு கடிதமும் ஒரு படமும் வந்தன. மாமா செத்த மாதத்தில் வருசா வருசம் அந்தப் பியரை ஊற்றுகிறார்களாம். நுரை இப்போது நிற்கிறதாம். படத்தில், கடைச் சுவரில் ஒரு பலகை. அதில் எழுதியிருந்த ஆங்கிலத்தை நாரந்தனையில் ஒரு வாத்தியாரிடம் கொண்டுபோய் வாசிப்பித்தேன். 'கருகிய பனங்கட்டி, தோடம்பழத் தோல், மரப்பிசின். ஒருநாளும் பிழைக்காத நாக்குள்ள என் தந்தையின் சொற்கள்.'

வாத்தியார், "நல்ல மகன்" என்றார்.

என்னால் அதற்கு மேல் வைத்திருக்க ஏலாமல் போனது. மாதா மன்னிக்கட்டும் என்று எல்லாவற்றையும் எழுதினேன். புண், கொழும்பு, செத்த நாக்கு, வேப்பமரத்துக்குப் போன பியர், தொலைபேசிக் கூட்டுக்குள் அவர் இருந்த கதிரை. அவை என்னுடைய சொற்கள், பலகையைக் கழற்று என்று எழுதினேன். நீ வந்து மாட்டுப்படக்கூடாது என்றுதான் மறைத்தோம் என்றும் எழுதினேன். பகிடி ஒன்றும் சேர்க்கவில்லை.

ஒன்றரை மாதம் கழித்துப் பதில் வந்தது. பெரிய தாள், மடித்து மடித்து வைத்திருந்தான், உள்ளே ஒரே ஒரு வரி.

"நான் வந்திருப்பனடா."