அணைக்கட்டு வீட்டில் இரண்டாவது ஆள்

ஓட்டுநர் அணைக்கட்டு ஒண்ணுக்கை அடக்கிக்கொண்டு பேருந்தை எடுத்தால், அது கடைசி நிறுத்தத்துக்குப் போய்ச் சேரும்வரை மேகமும் மழையை அடக்கிக்கொள்ளும். இது கொஞ்சம் கூட்டிச் சொன்னது. கொஞ்சம் என்ன, படிக்கு முக்கால் படி காற்று. ஆனால் டிப்போவில் அந்தப் பட்டப்பெயரை அவருக்குச் சும்மா வைத்துவிடவில்லை. ஊரிலிருந்து மலையடிவாரம் வரை போய்த் திரும்புகிற நீளமான தடம் அவருடையது. மற்ற ஓட்டுநர்கள் பாலத்துக்கு முன்னால் வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் புதர் தேடிப் போவார்கள். இவர் போக மாட்டார். பயணி கெஞ்சினாலும் வண்டி நிற்காது. நடுவழியில் அவர் பிரேக்கை மிதித்ததெல்லாம் ஒரே ஓர் ஆளுக்காக. பள்ளி விடுமுறையில் எஞ்சின் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கூடவே வரும் தன் சின்ன மகளுக்காக. “பிள்ளைக்கு வருதுங்க, என்ன செய்ய?” என்று வண்டிக்குள் பொதுவாக ஒரு குரல் கொடுத்துவிட்டு, அவளைக் கையில் பிடித்துக்கொண்டு புதருக்கு அந்தப் பக்கம் போய் வருவார். குழந்தைமேல் யார் கோபப்பட முடியும்?

ஓய்வு பெற்றபோது டிப்போவில் மாலை போட்டார்கள். அவர் கேட்டு வாங்கிவந்தது கழித்துப்போட்ட ஒரு பக்கக் கண்ணாடியை. அது இப்போது அவர் வீட்டு முன்னறையின் ஜன்னல் கம்பியில் திருகப்பட்டிருக்கிறது. மற்றவர்கள் வாசலைப் பார்த்து நாற்காலி போடுவார்கள். இவர் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, யார் வருகிறார்கள் என்று கண்ணாடியில் பார்ப்பார். பெரும்பாலும் யாரும் வருவதில்லை. எதிர்வீட்டு நாய் வரும், மோந்துவிட்டுப் போகும். “ஸ்டாப்ல ஆள் இல்ல. போலாம் ரைட்” என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு எழுந்து அடுப்படிக்குப் போவார்.

கால்கள் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. யாராவது அறுத்தால் இடது கால் தானாகக் கிளட்சை மிதிக்கும். அந்த மகள் இப்போது வேறு தேசத்திலிருந்து போனில் பேசி, “சரிப்பா, வைக்கட்டுமா?” என்று கேட்கும்போது வலது கால் பிரேக்கைத் தேடும். தரையில் பிரேக் ஏது? அவள் வைத்துவிடுவாள். மனைவியின் நாற்காலி பக்கத்திலேயே, துண்டு மடித்துப் போட்டபடி இருக்கிறது. அவள் போன பிறகு அதில் உட்கார்ந்தவர்களை எண்ண ஒரு கை விரல்கள் அதிகம்.

சர்க்கரை வந்ததும் அணை உடைந்தது. அடிவாரத்துக்கும் ஊருக்கும் நடுவில் குளம் வெட்டலாம் என்கிற அளவுக்கு உடைந்தது. சில வருடம் அதைச் சட்டையே பண்ணாமல் காலத்தை ஓட்டினார். அப்புறம் கால் வீங்கியது. பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, சிறுநீரகம் என்பது சல்லடை, சர்க்கரை அதன் ஓட்டையைப் பெரிதாக்கிவிட்டது, உடம்பில் தங்க வேண்டிய புரதம் ஒழுகுகிறது என்றார்கள். அங்கே ஓர் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. சர்க்கரைக்காரர்களின் சல்லடையை இன்னும் கொஞ்ச காலம் காப்பாற்ற ஒரு புது மாத்திரை. பாதிப் பேருக்கு அசல், பாதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்று கொடுக்கிறவருக்கும் தெரியாது, விழுங்குகிறவருக்கும் தெரியாது.

“எனக்கு அசல்தான். கசக்குது” என்பார் அணைக்கட்டு.

“மாவையும் கசக்க வச்சுத்தான் ஐயா செய்வாங்க” என்பாள் சிஸ்டர்.

சிஸ்டர் என்பவள் அந்த ஆராய்ச்சியிலிருந்து ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாக வருகிறவள். பருவத்துக்கு ஒரு தரம் அவர் வீட்டுக்கும் வருவாள். முழுதாக ஒரு நாளின் சிறுநீரையும் சேர்த்துத் தர வேண்டும் என்பது ஏற்பாடு. காலையில் எழுந்ததும் போகிற முதலாவதைக் கொட்டிவிட வேண்டும். அதன்பின் போகிற எல்லாவற்றையும், மறுநாள் காலை முதலாவதையும், கேனில் பிடித்துக் குளிர்பெட்டியின் அடித்தட்டில் வைக்க வேண்டும். நடுவில் ஒரு தடவை தவறினாலும் அந்த நாள் செல்லாது. புதுக் கேன், புது நாள், சிஸ்டர் மறுபடி வர வேண்டும்.

இந்தக் கடைசி விதிதான் அவரைக் கெடுத்தது.

முதல் தடவை உண்மையாகவே மறந்துபோய்க் கழிவறையில் கொட்டிவிட்டார். சிஸ்டர் மறுநாளும் வந்தாள். வெயில் என்பதால் மனைவியின் நாற்காலியில் சற்றே உட்கார்ந்தாள். சர்க்கரை போடாத டீயை முகம் சுளிக்காமல் குடித்தாள். அவர் அடிவாரத்துக் கொண்டை ஊசி வளைவுகளில் ஒவ்வொன்றாக வண்டியைத் திருப்பிக் காட்டினார். அவள் கடைசி வளைவு வரைக்கும் கூட வந்தாள். அடுத்த பருவத்தில் அவருக்குக் கை தவறியது. அதற்கடுத்த பருவத்தில் கேன் கவிழ்ந்தது. “வயசாச்சும்மா, கை நிக்கல” என்பார் அந்த மனிதர். பேருந்தைச் சுவருக்கும் லாரிக்கும் நடுவில் நூல் பிடித்த மாதிரி கொண்டுபோன கை அது.

இந்த முறை கேனைக் கொடுக்கும்போது சிஸ்டர் உட்காரவில்லை.

“ஐயா, ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. இந்தத் தடவையும் சரியா வரலைன்னா உங்க பேரை எடுத்துடுவாங்க. அப்புறம் மாத்திரையும் கிடையாது, நானும் வர மாட்டேன்.”

“மாத்திரை போனாப் போகுது” என்று ஆரம்பித்தவர் மீதியை முழுங்கிவிட்டார்.

“நாளைக்குக் காலையில ஆரம்பிங்க. மறுநாள் வந்து எடுத்துக்கறேன். நிரம்பிட்டா ஊத்த இன்னொரு கேனும் வச்சிருக்கேன். சிந்தாம, விடாம, ஒழுங்கா.”

அவள் ஸ்கூட்டர் தெருமுனை திரும்பியதைக் கண்ணாடியில் பார்த்தார். நாளைக் காலை என்பது அவருக்குத் தூரமாகத் தெரிந்தது. பேர் போய்விடுமாம். ஒரு சொட்டு குறைந்தால் பேர் போய்விடுமாம். எழுந்தார், அப்போதே ஆரம்பித்துவிட்டார். இரவு தூக்கக் கலக்கத்திலும் தவறவிடவில்லை. மறுநாள் காலை கொட்ட வேண்டிய முதலாவதையும், கொட்ட மனசு வராமல், உள்ளேயே விட்டார். அதற்கடுத்த நாள் வந்தவளிடம் இரண்டு கேன்களையும் முழுசாக நீட்டியபோது அவர் முகத்தில் தங்கக் கோப்பை வாங்கியவனின் களை. “சிந்தாம, விடாம! போலாம் ரைட்!”

பரிசோதனைக்கூடத்தில் இருப்பவர்கள் கெட்டிக்காரர்கள். தசையிலிருந்து ஒரு கழிவு தினமும் சிறுநீரில் இறங்குகிறது. ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரே அளவு. கேன் குறைந்தாலும் கூடினாலும் அது காட்டிக்கொடுத்துவிடும். அணைக்கட்டின் கேன்களைப் பார்த்துவிட்டு, “இதுல ரெண்டு ஆள் இருக்காங்க” என்றார்கள். சிஸ்டர் அவரைக் கேட்கச் சங்கடப்பட்டு, அவசரத்துக்கென்று எழுதிக் கொடுத்திருந்த மகளின் எண்ணைக் கூப்பிட்டு, அப்பாவோடு வேறு யாராவது தங்கியிருக்கிறார்களா என்று விசாரித்தாள்.

வாரக் கணக்கில் வராத போன் அன்று சாயங்காலமே வந்தது.

“அப்பா, வீட்டுல யாருப்பா இருக்கா?”

“யாரு இருப்பா? நான்தான்.”

“மறைக்காதீங்கப்பா. நான் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டேன். அம்மா போயும் வருஷம் ஆச்சு. யாரு அவங்க?”

“எவங்க?”

“ஆஸ்பத்திரியில கண்டுபிடிச்சுட்டாங்க. கேன்ல ரெண்டு பேரோடது இருக்காம்.”

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. உடனே சொல்லியும் இருக்கலாம். ஆனால் மகளின் குரலில் அவர் கேட்டு நாளாகிப்போன ஓர் ஆவல் இருந்தது. பக்கத்து நாற்காலியைப் பார்த்தார். துண்டு மடித்தபடி இருந்தது.

“நல்லவங்களாப்பா? சமைச்சுப் போடறாங்களா?”

“ம்… உப்பு கொஞ்சம் கம்மி” என்றார் அணைக்கட்டு.

“கம்மியாத்தான் இருக்கணும், உங்க கிட்னிக்கு. பேச்சுத் துணையாவது ஆச்சே. என்னப்பா பேசிக்குவீங்க?”

என்ன பேசிக்கொள்வார்கள்? வண்டி அந்த இடத்தில் நின்றுவிட்டது. எந்த கியரைப் போட்டும் நகரவில்லை.

“சும்மா சொன்னேம்மா” என்றார் கடைசியில். “யாரும் இல்ல. நான் ஒருத்தன்தான். ரெண்டு நாளு பிடிச்சுட்டேன்.”

அவருடைய வலது கால் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது. அன்றைக்கு அவள், வைக்கட்டுமா என்று கேட்க வெகுநேரமாயிற்று.

மறுநாள் சிஸ்டர் ஐஸ் பெட்டி இல்லாமல் வந்தாள். “டாக்டர் ஆடிப்போயிட்டார் ஐயா. ஒரே ஆளுன்னு கணக்குப் போட்டா உங்க புரதம் திடீர்னு ரெண்டு மடங்கு ஒழுகுது. மாத்திரையை நிறுத்தறதா என்னன்னு அங்க ஒரே கலவரம். உங்க ஒருத்தரால அத்தனை பேரோட கணக்கும் கெடும், தெரியுமா?”

“குறையக் கூடாதுன்னு பார்த்தேன், கூடிப்போச்சு” என்றார். பிறகு கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, “முன்னாடி சிந்தினது கை தவறி இல்லம்மா” என்றார்.

“தெரியும்.”

“தெரியுமா?”

“கை தவறுச்சுன்னீங்க, கேன் கவிழ்ந்துச்சுன்னீங்க. தரை ஒரு தடவைகூட ஈரமா இல்லியே.” அவள் பெருமூச்சு விட்டாள். “டீ குடிக்கக் கூப்பிடணும்னா டீக்குன்னு கூப்பிடணும் ஐயா. மூத்திரத்தைச் சாக்கு சொல்லக் கூடாது.”

“கூப்பிட்டா வருவியா?”

“வருவேன்னு சொல்லலை. இன்னும் எத்தனையோ வீடு இருக்கு எனக்கு. கூப்பிடலாம்னு சொல்றேன்.”

அவர் தலையாட்டினார். இது அவருக்குப் பழக்கப்பட்ட நியாயம். தனக்காக மட்டும் எந்த வண்டியும் நிற்காது.

ஆபீசில் அவள் என்ன சண்டை போட்டாளோ, பேர் எடுபடவில்லை. கடைசியாக ஒரு தடவை. அதுவும் அவள் முன்னிலையில் ஆரம்பிக்க வேண்டும். சொன்ன நாளில் விடிந்தும் விடியாமலும் வந்தாள். அணைக்கட்டு உள்ளே போய் முதலாவதைக் கொட்டிவிட்டு, அவள் கேட்கட்டும் என்று தண்ணீரையும் பலமாக ஊற்றிவிட்டு வெளியே வந்தார். அவள் மனைவியின் நாற்காலியில் உட்கார்ந்து கேனின் மேல் ஒட்டிய தாளில் நேரத்தைக் குறித்துக்கொண்டிருந்தாள். அவர் தன் நாற்காலியை இரண்டு கையாலும் தூக்கி, கண்ணாடிக்கு முதுகைக் காட்டி, அவளைப் பார்த்த மாதிரி போட்டு உட்கார்ந்தார்.

“இனிமே பாரு கண்டக்டரம்மா. அடிவாரம் வரைக்கும் அடக்கின உடம்பு இது. சர்வீஸ் முழுக்க எனக்குன்னு ஒரு தடவை வண்டியை நிறுத்தினது கிடையாது. நிறுத்தினதெல்லாம் எம்பொண்ணுக்காக.”

சிஸ்டர் எழுதுவதை நிறுத்தவில்லை. “உங்க பொண்ணு போன்ல எல்லாம் சொல்லிட்டாங்க ஐயா. அவங்களுக்கு வழியில ஒரு நாளும் வந்ததே இல்லியாம். அவங்க பேரைச் சொல்லி வண்டியை நிறுத்திட்டு, புதருக்குப் பின்னாடி போனது நீங்களாம்.”