சேகர் அண்ணன் கேட்ட சத்தம்

சேகர் அண்ணன் இறந்துவிட்டார்.

காலையில் எங்கள் கடை முதலாளி போனில் கோல் எடுத்துச் சொன்னார். நித்திரையிலேயே போயிருக்கிறார்... மகியாவையில் அவருடைய வாடகை அறையில், தனியாக.

கண்டி டவுனில் எங்கள் கடையில் மூக்குக்கண்ணாடி போட்ட யாரும் அவர் முகத்தைப் பார்த்திருக்க மாட்டீர்கள். முன்னால் கவுன்டரில் நான் இருப்பேன். பின்னறையில் லென்ஸ் வெட்டுகிறவர் அவர்.

பகல் சாப்பாடு முடிந்ததும் மேசைக்கு அடியிலிருந்து ஒரு பழைய கீபோர்டை எடுப்பார். இயர்ஃபோனை மாட்டிக்கொண்டு, இடது பக்கத்துக் கடைசிக் கட்டையை அழுத்திப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டு இருப்பார்.

அவ்வளவுதான். ஒரே கட்டை.

“பாட்டொண்டு வாசிங்களே அண்ணன்” என்று ஒரு நாள் கேட்டேன்.

“பாட்டெல்லாம் எனக்கு வராது தங்கச்சி. ஒரு சத்தம் இருக்கு... அதைத்தான் தேடிக்கிட்டு இருக்கேன்.”

ஆள் கொஞ்சம் ஒரு மாதிரி என்று கடையில் எல்லோரும் பேசிக்கொள்வோம். பிறகு, வியாபாரம் இல்லாத ஒரு மழை நாளில், அவராகவே சொன்னார்.

சின்ன வயதில் ஹுன்னஸ்கிரிய பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் குடும்பமாக இருந்திருக்கிறார்கள். நாள்கணக்காக மழை. ஒரு பின்னேரம் அவரும் அக்காவும் வாசலில் நிற்கும்போது மலைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்திருக்கிறது. மிகக் கீழே தொடங்கி, மெதுவாக ஏறி வருகிற மாதிரி...

“லொறி வருதாடா?” என்று கேட்டாளாம் அக்கா. பிடித்திருந்த கையை விட்டுவிட்டு, ரோட்டை எட்டிப் பார்க்கப் போனாளாம்.

வந்தது மலை.

அக்காவின் உடல் கிடைக்கவே இல்லை.

“அந்த சத்தத்த சொன்னேன், யாரும் நம்பல. இடி சத்தம், சின்னப் புள்ள பயந்துட்டான்னாங்க. கொஞ்ச காலத்துல நானே அத கனவுன்னு நெனச்சுக்கிட்டேன் தங்கச்சி.”

கண்டிக்கு வேலைக்கு வந்த புதிதில் கூட்டாளிகளோடு ஒரு இங்கிலீஷ் படத்துக்குப் போயிருக்கிறார். விண்வெளிக் கதை. ஆளில்லாத கிரகம் ஒன்றுக்கு மேலால் கப்பல் மெதுவாகப் போகிறது. பேச்சு இல்லை, சிந்தசைசர் மட்டும். அடியிலிருந்து ஒரு சுரம் கிளம்பி, ஏறி, ஏறி...

அதே சத்தம்.

எழுந்து வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாராம். மறுநாள் தனியாகப் போனார். அந்தப் படம் தியேட்டரை விட்டுப் போகும்வரை போய்க்கொண்டே இருந்தார்.

“படத்துல என்ன நடந்துச்சின்னு இன்னைக்கும் எனக்கு சரியா தெரியாது. ஆனா எங்கயோ ஒரு ஆளும் இத கேட்டிருக்கான்ல... அப்ப நான் பொய் சொல்லல.”

அதற்குப் பிறகு அவருக்கு வாழ்க்கை என்றால் அதுதான். அந்தப் படத்தின் இசை கசெட், நாடா அறுந்து போகும்வரை. பிறகு ஒவ்வொன்றாகக் கீபோர்டுகள். கல்யாணம் பேசிய இடத்தில், இந்த இரைச்சலோடு யார் குடித்தனம் பண்ணுவது என்று விலகிக்கொண்டார்களாம். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

ஒரு நாள் பெரிய ஸ்பீக்கர் ஒன்றைக் கொண்டுவந்தார். “சரியா வந்திருச்சின்னு நெனக்கிறேன். கேளுங்க.”

காதில் கேட்கும் முன்பே அது நெஞ்சுக்குள் வந்துவிட்டது. தட்டில் இருந்த லென்ஸ்கள் ஒன்றோடொன்று உரசி நடுங்கின.

“நிப்பாட்டுங்க அண்ணன். பயமாயிருக்கு.”

“பயமா இருக்கா...” அவர் முகமும் வெளிறித்தான் இருந்தது. “அப்ப சரியாத்தான் வந்திருக்கு.”

பிறகு வந்த அந்தப் பெருமழை நம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். கெலிஓயாவில் எங்கள் வீடு மண்மேட்டை ஒட்டி இருந்தது. காலையில் நான் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன்.

முதலில் கோப்பைகள் நடுங்கின. பிறகு என் நெஞ்சு.

முன்னறையிலிருந்து உம்மா கேட்டா: “என்ன மகள், லொறி ஒண்டா வருது?”

ஓடிப்போய் உம்மாவின் கையைப் பிடித்து இழுத்தேன்.

“என்னத்துக்கு இழுக்கிற? செருப்பப் போட உடு!”

விடவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்களையும் கத்திக் கூப்பிட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடினோம். திரும்பிப் பார்த்தபோது குசினி இருந்த இடத்தில் மண்.

மீண்டும் வேலைக்குப் போன அன்று சேகர் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். லென்ஸ் ஒன்றைத் துடைத்துக்கொண்டே கேட்டார். ஏற்கெனவே துடைத்த லென்ஸ்.

“உம்மா கைய புடிச்சிருந்தீங்களா?”

“ஓம்.”

“எடையில விடலையே?”

“விடல்ல அண்ணன்.”

தலையை ஆட்டினார். பின்னறைக்குப் போனார். வெகுநேரம் லென்ஸ் வெட்டும் மெஷின் ஓடவில்லை...

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் கெலிஓயாவுக்கு வந்தார். எங்கள் வீடு இருந்த மண்ணில் போய் நின்றார். பொழுது சாயும்வரை நின்றார். எதையோ கேட்டுக்கொண்டிருக்கிற மாதிரி, தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு. நாங்கள் யாரும் கிட்டே போகவில்லை.

போகும்போது “ஒண்ணும் கேக்கல” என்று மட்டும் சொன்னார். அது நிம்மதியா, ஏமாற்றமா... எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் தைரியம் வரவில்லை.

இன்று பின்னேரம் அவரை ஹுன்னஸ்கிரியவுக்கே கொண்டு போனார்கள். அந்தத் தோட்டத்து மயானத்தில்தான் அடக்கம். சொந்தக்காரர்கள் சிலர்தான் வந்திருந்தார்கள்.

முழங்கால் வலியோடு உம்மாவும் என்னோடு மகியாவைக்கு வந்தா. அவரை ஏற்றிய வேன் புறப்பட்டு, வளைவில் மறையும்வரை மழையில் நின்றா. த்ரீவீலில் ஏறு என்றால் ஏறவில்லை.

திரும்பி வந்து, இப்போது இருக்கிற வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் சொன்னா: “ஒரு நாளாவது ஊட்டுக்குக் கூப்பிட்டு அந்தப் புள்ளைக்கு ஒரு வாய் சோறு குடுத்திருக்கலாமே, மகள்...”

போயிட்டு வாங்க, சேகர் அண்ணன்.